பிழைபொறுக்க மறுத்த அம்மையார்

2016-இல் மகசேசே விருதுப் பட்டியல் வெளிவந்தபோது நம்மில் பலர் டி.எம். கிருஷ்ணாவின் பெயரைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, அத்தோடு விட்டுவிட்டோம். நானும் அப்படித்தான் விட்டேன். அதே பட்டியலில் கொன்சித்தா கார்ப்பியோ மொராலெஸ் என்ற பெயரும் இருந்தது. அப்போது அவருக்கு வயது 75. பிலிப்பைன்ஸின் ஓம்பட்ஸ்மன். நாம் நினைப்பதுபோல மனுக்களை வாங்கி வைத்துக்கொள்ளும் பதவி அல்ல அது. மேயர், செனட்டர் என்று யார்மீதும் ஊழல் புகாரை விசாரித்து வழக்குப் போடவும், மேயர் போன்றவர்களைப் பதவியிலிருந்து இறக்கவும் அதிகாரம் உள்ள பதவி.

அண்மையில் நண்பர் ஒருவரிடம் இவரைப் பற்றி ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "கடைசியில் என்ன ஆயிற்று? அவர் பிடித்த பெரிய மனிதர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களே" என்றார். அந்தக் கேள்வி மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

மொராலெஸ் பிறந்தது, நாட்டைச் சர்வாதிகாரியாக ஆண்ட மார்க்கோஸின் சொந்த மாகாணமான இலோகோஸ் நோர்ட்டேயில், பாவாய் என்ற ஊரில். 1968-இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்தார். 1971-இல் நீதித்துறை அமைச்சகத்தில் வேலை. 1983-இல் பிலி என்ற சிறிய ஊரில் நீதிபதி. பிறகு பாசாய் நகரம், மேல்முறையீட்டு நீதிமன்றம், 2002-இல் உச்ச நீதிமன்றம். அங்கே அவரை நியமித்தவர் அதிபர் அரோயோ.

அந்த அரோயோ, 2010-இல் பதவி முடியும் தறுவாயில், ஓய்வுபெறவிருந்த தலைமை நீதிபதியின் இடத்துக்குத் தாமே ஆளைப் போட்டுவிட நினைத்தார். அதிபர் தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதங்களிலும், அதன்பின் பதவிக்காலம் முடியும் வரையிலும் அதிபர் நியமனம் செய்யக்கூடாது என்கிறது அந்நாட்டு அரசியல் சட்டம். நீதிமன்றங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். பொருந்தும் என்று எதிர்த்து எழுதியவர் மொராலெஸ் ஒருவர்தான். தம்மை நியமித்தவருக்குத் தீர்ப்பால் நன்றி காட்ட அவர் முன்வரவில்லை. அப்படித் தலைமை நீதிபதியானவர் ரெனாட்டோ கொரோனா. அடுத்து வந்த அதிபர் பெனிக்னோ அக்கினோ, கொரோனாவை ஒதுக்கிவிட்டு மொராலெஸ் முன்னிலையில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

2011-இல், 70 வயதில், உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார். பேரக் குழந்தைகளோடு இருந்திருக்கலாம். அடுத்த மாதமே ஓம்பட்ஸ்மன் பொறுப்பை ஏற்றார். 2012-இல் கொரோனா மீதான பதவிநீக்க விசாரணையில் மொராலெஸைச் சாட்சியாக அழைத்தது கொரோனாவின் வழக்கறிஞர்களே. கையில் ஆதாரம் இருக்காது என்று நினைத்திருப்பார்கள். அம்மையார் திரையில் படம் போட்டே காட்டினார்: கொரோனாவுக்கு டாலரில் 82 வங்கிக் கணக்குகள். அவ்வளவு இல்லை, நான்குதான் என்றார் கொரோனா. ஆனால் அந்த நான்கும் அவர் அரசுக்குக் கொடுத்த சொத்துக் கணக்கில் காட்டப்பட்டிருக்கவில்லை. 20-க்கு 3 என்ற வாக்கில் செனட் அவரைப் பதவி நீக்கியது.

நண்பர் கேட்டது அதற்குப் பின் வந்ததை. 2014-இல், தொகுதி மேம்பாட்டு நிதியைப் போலித் தொண்டு நிறுவனங்கள் வழியாகச் சுருட்டினார்கள் என்று என்ரிலே, எஸ்த்ராடா, ரெவில்யா என்ற மூன்று செனட்டர்கள் மீது மொராலெஸ் வழக்குப் போட்டார். மூவருமே கைதானார்கள். ரெவில்யா 2018-இலும், மற்ற இருவரும் 2024-இலும் அந்தக் கொள்ளைக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார்கள். ரெவில்யா 2019-இலும் எஸ்த்ராடா 2022-இலும் மக்கள் வாக்கில் செனட்டுக்கே திரும்பினார்கள். இதைப் படிக்கும்போது எனக்கும் வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் நான் அவரைக் கொண்டாடுவது வேறொரு வழக்குக்காக. பிலிப்பைன்ஸில் 1959 முதல் ஒரு வழக்கம் இருந்தது. பதவியில் தவறு செய்த ஒருவர் மறுபடி தேர்தலில் வென்றுவிட்டால், முந்தைய பதவிக்காலத் தவறுக்காக அவர்மீது துறை நடவடிக்கை எடுக்க முடியாது. மக்கள் மன்னித்துவிட்டார்கள் என்று பொருளாம். பிழைபொறுத்தல் கோட்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். குற்றவியல் வழக்கு தனி; ஆனால் பதவியிலிருந்து இறக்கும் வழி அடைபட்டுப் போனது. "மக்கள் மன்றம் தீர்ப்பளித்துவிட்டது" என்ற வசனத்தை நாம் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! அங்கே அதை உச்ச நீதிமன்றமே சட்டமாக்கி வைத்திருந்தது.

2015 மார்ச்சில், இருநூறு கோடி பெசோவுக்கு மேல் செலவான வாகன நிறுத்தக் கட்டடம் தொடர்பாக மக்காத்தி நகர மேயர் ஜுன்ஜுன் பினாயை மொராலெஸ் ஆறு மாதம் இடைநீக்கம் செய்தார். மேயரின் தந்தை அப்போது நாட்டின் துணை அதிபர். உத்தரவோடு போன அதிகாரியால் மேயரை நெருங்க முடியவில்லை. நகர மன்றத்தின் வாயில்கள் மூடியிருந்தன. காலை பத்து மணிக்குச் சற்று முன், உத்தரவைச் சுவரில் ஒட்டிவிட்டு, துணை மேயருக்குப் பொறுப்பு மேயராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்கள். அன்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. ஒரே நகரத்துக்கு இரண்டு மேயர்கள். பினாய் 2013-இல் மறுபடி வென்றவர் என்பதால் பழைய தவறு பொறுக்கப்பட்டதாகிவிடும் என்ற வாதமும் அந்தத் தடைக்கு ஒரு காரணம்.

மொராலெஸ் நேராக உச்ச நீதிமன்றம் போனார். 2015 நவம்பர் 10 அன்று முழு அமர்வு அந்தக் கோட்பாட்டைக் கைவிட்டது. இப்படி மன்னிக்க அரசியல் சட்டத்திலோ வேறு சட்டத்திலோ இடமே இல்லை என்றது தீர்ப்பு. ஊழல் இருட்டில் நடப்பது. தெரியாத ஒன்றை வாக்காளர் எப்படி மன்னித்திருக்க முடியும் என்றும் கேட்டது. 56 ஆண்டுகள் யாரும் அசைக்காத கல் அது. தீர்ப்பு பழையவற்றுக்குப் பொருந்தாது, இனி வருபவற்றுக்குத்தான் என்பதில் எனக்குக் குறை உண்டு. இருந்தாலும் கல் நகர்ந்தது.

டுடெர்டே அதிபரானபின் சோதனை வீட்டுக்குள்ளேயே வந்தது. அதிபரின் மகள் சாராவை மணந்தவர் மொராலெஸின் சகோதரர் வழி உறவினர். அதிபரின் சொத்து பற்றிய புகார் வந்தபோது, உறவு இருப்பதால் அந்த விசாரணையிலிருந்து மொராலெஸ் விலகிக்கொண்டார். ஆனால் 2018 ஜனவரியில் அவருடைய துணை அதிகாரியை இடைநீக்கம் செய்யச் சொல்லி அதிபர் மாளிகை உத்தரவிட்டபோது, அந்த அதிகாரம் அதிபருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது என்று கூறி நிறைவேற்ற மறுத்துவிட்டார். உறவுக்காக ஒதுங்கினார், உறவுக்காக வளையவில்லை. அந்த ஜூலையில் பதவிக்காலம் முடிந்து வீட்டுக்குப் போனார்.

அந்த மூவர் மீதான வழக்குகள் தோற்றது உண்மை என்று நண்பரிடம் ஒப்புக்கொண்டேன். அடுத்த முறை பார்க்கும்போது, மக்காத்தி நகர மன்றச் சுவரில் ஒட்டப்பட்ட அந்தத் தாளைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.