ஒரு ஏக்கர் இருபது செண்டு

போன வாரம் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். பெரியப்பா மகன். நலம் விசாரித்து, மழையைப் பற்றிப் பேசி, மகன் எந்த வகுப்பு என்று கேட்டு, அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். கூடலூருக்கும் கம்பத்துக்கும் நடுவில் எங்கள் பொது நஞ்சை ஒன்று இருக்கிறது, 1 ஏக்கர் 20 செண்டு. அதைக் கேட்டு பிளாட் போடுகிறவர்கள் வந்திருக்கிறார்கள். "நீ அங்க எம்பசில ஒரு பவர் மட்டும் எழுதி அனுப்பிரு தம்பி, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "விவசாயம் காப்போம்" என்று பதிவு போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 22 வருடமாகச் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் பதினோராவது மாடியில் இருக்கிறேன். அந்த வயலில் கடைசியாகக் கால் வைத்தது அப்பத்தா இறந்தபோது. அதுவும் செருப்பைக் கழற்றாமல் வரப்பிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

கம்பம் பள்ளத்தாக்கைத் தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கம் இடுக்கி மலை, இன்னொரு பக்கம் மேகமலை, நடுவில் லோயர் கேம்ப்பிலிருந்து தேனி பக்கம் வரைக்கும் நீளும் பச்சை. அந்தப் பச்சை இயற்கையாக வந்ததில்லை. பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலக்கிற ஆறு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பக்கம் ஜனங்கள் செத்து விழுந்த பிறகுதான், அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு வேகம் வந்தது. 1886-இல் திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம் போட்டார்கள். 8,000 ஏக்கர், 999 வருடம், ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887-இல் தொடங்கி 1895-இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்தது. மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் இறக்கினார்கள். கட்டிய பென்னிகுவிக் எங்கள் பக்கம் ஏறக்குறைய குலசாமி. டீக்கடை, ஆட்டோ, கல்யாண பேனர் எல்லாவற்றிலும் அவர் மீசை இருக்கும். பிறந்த நாள் ஜனவரி 15, பொங்கலோடு சேர்ந்து வந்துவிட்டது வேறு. பாலார்பட்டியில் அவருக்கென்றே பொங்கல் வைக்கிறார்கள். சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்றொரு கதையும் உண்டு. அதற்கு ஆதாரம் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், எனவே நான் கேட்பதில்லை.

இன்றைக்கும் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் என்பதுதான் கணக்கு. அணையில் தண்ணீர் இருந்தால் முதல் போகத்துக்கு ஜூன் 1-ஆம் தேதி வாக்கில் திறப்பார்கள். திறந்தால் எங்கள் அப்பா வீட்டில் தூங்க மாட்டார். ராத்திரி எங்கள் முறை வரும்போது மண்வெட்டியும் டார்ச்சுமாகக் கிளம்புவார், சில நாள் நானும் பின்னாலேயே. மடையை வெட்டிவிட்டதும் தண்ணீர் ஓசையில்லாமல்தான் நுழையும். கொஞ்ச நேரம் கழித்து எலி வளைகளுக்குள் இறங்கும்போது 'களக் களக்' என்று குமிழ் விடும். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா பீடி பற்றவைப்பார். சத்தம் நின்றால் மேல் வயல்காரர் மடையை அடைத்துவிட்டார் என்று அர்த்தம். இருட்டிலேயே கெட்ட வார்த்தை பறக்கும். விடிந்ததும் இரண்டு பேரும் ஒரே டீக்கடையில், ஒரே பெஞ்சில்.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் போனால் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்கள். பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே டேக்கா சந்தையில் கிடைக்கும் விதையில்லாத பழத்தைத் தின்றுவிட்டு என் மகன் இதுதான் திராட்சை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

சரி, விற்க என்ன காரணம்? அண்ணன் சொன்னது: "வயக்காட்டுக்கு ஆளு வரமாட்டேங்குது. விடியுமுன்னாடி எல்லாம் ஏலக்காட்டு ஜீப்புல ஏறிப் போயிருதுக." உண்மைதான். கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறினால் அங்கே கூலி அதிகம். அதில் அந்தப் பெண்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் ஜீப்பில் ஏறியவன்தான், என் ஜீப் கொஞ்சம் தூரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. "என் நிலம், என் இஷ்டம்" என்று புஞ்சையைப் பற்றிச் சொல்லலாம். நஞ்சையை அப்படிச் சொல்ல முடியாது. மேல் வயலுக்குப் பாய்ந்துதான் கீழ் வயலுக்குத் தண்ணீர் போகும். நடுவில் ஒருவர் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் கல் ஊன்றினால், வாய்க்கால் முதலில் சாக்கடையாகும், அப்புறம் காணாமலே போகும். கீழே இருப்பவர் நாளைக்கு நட்டே தீருவேன் என்றாலும் அவருக்குத் தண்ணீர் வராது, அவரும் விற்பார். 2011 டிசம்பரில் பெரியாறு அணைப் பிரச்சினைக்காக ஊரே திரண்டு கேரள எல்லையான குமுளியை நோக்கி நடந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்றபோது வெடி வெடித்தோம், நான் இங்கிருந்து ஸ்டேட்டஸ் போட்டேன். கேரளாவிடம் அடி அடியாகக் கேட்டு வாங்கிய தண்ணீரை உள்ளூரில் செண்டு செண்டாக மறித்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கேயும் விவசாயம் போனது. பொங்கோலில் இருந்த பன்றிப் பண்ணைகளையெல்லாம் மூடுவதென்று 1984-இல் அரசு முடிவெடுத்தது. உணவில் 30 விழுக்காட்டை 2030-க்குள் இங்கேயே விளைவிப்போம் என்று 2019-இல் இலக்கு வைத்தார்கள், 2025-இல் அதையும் மாற்றிக்கொண்டார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, யாரோ உட்கார்ந்து யோசித்து, வெளியே சொல்லிச் செய்தார்கள். ஜோகூர் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் பக்கத்தில் அந்தத் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கிறேன். மலேசியாவிலிருந்து தண்ணீர் வாங்கும் 1962 ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது என்பதால் கழிவுநீரைச் சுத்திகரித்து, கடல்நீரைக் குடிநீராக்கி எப்போதோ தயாராகத் தொடங்கிவிட்டார்கள். 999 வருடம் கையில் இருக்கிறதே என்ற தெம்போ என்னவோ, எங்கள் பள்ளத்தாக்கில் நெல் சாகுபடியை நிறுத்துவோம் என்று யாருமே முடிவெடுக்கவில்லை. என்னைப் போல் வெளியூரில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போடுகிறோம், அது பாட்டுக்கு நடக்கிறது.

இதையெல்லாம் அண்ணனிடம் நீட்டி முழக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "மேல வயக்காரன் வித்தப்ப நம்மள நெனச்சானா தம்பி?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

நேற்று எங்கள் நிலத்தின் புலப்பட நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கிழக்கு எல்லையை ஒட்டி இரண்டு மெல்லிய கோடுகளாக வாய்க்கால் இருக்கிறது, கீழே இன்னும் நான்கு பேர் வயலுக்குப் போகிறது. குத்தகைக்கு விட்டுப் பார்க்கலாம், என் பங்கு குத்தகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஜூன் வரைக்கும் பொறுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். கூடலூர், கம்பம், உத்தமபாளையம் பக்கத்து ஆட்கள் இங்கே இருந்தால், வெளிநாட்டில் இருந்துகொண்டே நஞ்சையைக் குத்தகைக்கு விட்ட அனுபவத்தைக் கொஞ்சம் எழுதுங்கள். நெல்லாக அளக்கிறார்களா, பணமா?