மோட்டாரை விடுங்கள், பிளேடு மாட்டும் இடத்தைப் பாருங்கள்

ஸ்க்ரோல் சா, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி நுணுக்க வளைவுகளை வெட்டும் ரம்ப மெஷின், அதை வாங்குவது பற்றி நான் படித்த கட்டுரையில் பாதிக்கு மேல் மோட்டார் பவரும், பிளேடுக்கும் பின்பக்கத் தூணுக்கும் உள்ள இடைவெளி 16 அங்குலமா 20 அங்குலமா என்பதும்தான். ஸ்க்ரோல் சா வாங்குகிறவர் அதைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பேன். முதலில் பிளேடு மாட்டும் இடம். இரண்டு முனையிலும் குறுக்கே பின் (சின்னக் கம்பித் துண்டு) வைத்த பிளேடை மட்டும்தான் மெஷின் ஏற்கும் என்றால் நுணுக்க வேலைக்கு அது சரிப்படாது. உள்வெட்டு ஒவ்வொன்றுக்கும் துளை போட்டு பிளேடை நுழைத்து மாட்ட வேண்டும், அந்தப் பின் நுழையவே கிட்டத்தட்ட 5 மி.மீ. துளை கேட்கும், சின்னப் பூவிதழின் உட்பக்கம் மொத்தமே அவ்வளவு இருக்காது. பின் இல்லாத மெல்லிய பிளேடுக்கு 1.5 மி.மீ. துளையே தாராளம். அதையும் ஸ்பானர் தேடாமல் கையாலேயே திருகிக் கழற்ற முடிகிறதா பாருங்கள், ஏனென்றால் ஒரே டிசைனில் ஐம்பது அறுபது தடவை கழற்றி மாட்ட வேண்டி வரும், விரல் நொந்துவிடும்.

அப்புறம் அதிர்வு. மெஷினின் மேஜைமேல் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தி வேகத்தை மெல்லக் கூட்டுங்கள், உடனே விழுந்தால் யோசியுங்கள். வேகத்தை மாற்ற வழியில்லாத மெஷினே வேண்டாம், அக்ரிலிக் வெட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பிளேடு நேராக நிற்கிறதா என்று பார்க்க, தடித்த கட்டையில் லேசாக வெட்டி, கட்டையைத் திருப்பி பிளேடின் பின்பக்கமாக அதே வெட்டுக்குள் விடுங்கள். உரசாமல் போனால் சரி, இல்லையென்றால் மேஜைச் சாய்வைத் திருத்த வேண்டும்.