பாவு இழுத்துக் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்
துணியிலும் நூலிலும் நிறுவல் கலை, அதாவது ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் கலை, செய்வது மேற்கிலிருந்து அண்மையில் வந்த பாணி, மாணவர்கள் அதைப் பார்த்துச் செய்கிறார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்த சிற்பி மிருணாளினி முகர்ஜி, 1970களிலேயே சாயமேற்றிய நார்க் கயிற்றைத் தறியே இல்லாமல் கையால் முடிச்சுப் போட்டு பெரிய சிற்பங்கள் செய்தவர். போன மாதம் நான் போன ஒரு மாணவர் கண்காட்சியில், ஒரு பெண் நெய்யாத பாவை, அதாவது தறியில் நெடுக்காக ஏற்றும் நூல்களை, அறையின் இரண்டு சுவர்களுக்கும் நடுவே இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தார். கஞ்சி வாசனை அப்படியே இருந்தது. எங்கள் நெசவுத் தெருவில் விடியற்காலையில் பாவுக்குக் கஞ்சி தோய்க்கும்போது வரும் அதே வாசனை. நடுவில் சில இழைகளை அறுத்துத் தொங்கவிட்டிருந்தார். அறுந்த இழையைப் பிணைத்தே வளர்ந்தவன் நான், கை தானாக நீண்டுவிட்டது. அப்புறம், 'சும்மா நூல் கட்டியதில் என்ன திறமை?' என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அத்தனை இழையும் தொய்யாமல், ஒன்றோடொன்று சிக்காமல் நிற்கப் பாவை இழுப்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே பாதி நாள் வேலை. நூலை அந்தப் பாவாக ஓட்டிக் கொடுத்த நெசவாளரின் பெயரையும் பக்கத்தில் எழுதியிருக்கலாம், அது ஒன்றுதான் எனக்குக் குறை.