தும்மும்போது கண் ஏன் மூடுகிறது? பிள்ளைகளைப் பயப்படுத்தாமல் சொல்லுங்கள்

தும்மும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தால் கண்முழி வெளியே வந்து விழுந்துவிடும் என்று ஒரு வீடியோ வட்சப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானே சிறுவயதில் கேட்ட கதைதான். இப்போது படமும் பின்னணி இசையும் சேர்த்து விட்டிருக்கிறார்கள்.

பகிடிதானே, விட்டுவிடுங்கள் என்றார் சக ஆசிரியர் ஒருவர். விட முடியவில்லை. நான் படிப்பிப்பது இலங்கையின் வடக்கே, வன்னியில். 2009இல் முடிந்த போருக்குப் பிறகு ஒரு கண்ணோடும், இரண்டு கண்ணும் இல்லாமலும் வாழ்கிற மனிதர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் அப்பாவாக, மாமாவாக, சித்தியாக இருக்கிறார்கள். கண் போனால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். தரம் 6 பிள்ளை ஒருத்தி இரண்டு கையாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டு தும்முகிறாள். ஏனம்மா என்று கேட்டால், "கண் வந்திடும் ரீச்சர்" என்கிறாள். அவளுக்கு இது பகிடி இல்லை. பொய்யான ஒரு பயத்தை இந்த மண்ணில் ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இமை திறந்திருந்தாலும் தும்மலில் கண் விழாது. முயன்று கண்ணைத் திறந்தபடியே தும்மக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கண் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. கண்முழியைப் பிடித்து வைத்திருப்பது இமை அல்ல. எலும்புக் குழிக்குள், கொழுப்புப் படுக்கையில், ஆறு தசைகள் அதைப் பின்னால் பிடித்திருக்கின்றன. இமையில் இருப்பது ஒரு மெல்லிய வட்டத் தசை. வெளியே தள்ளிக்கொண்டு வரும் ஒரு முழியை அதனால் தடுக்கவே முடியாது. தும்மலின் அழுத்தம் எழும்புவதும் நெஞ்சிலும் தொண்டையிலும் மூக்கிலும்தான். கண்ணுக்குப் பின்னால் போய் அதைத் தள்ளுவதற்கு அந்தக் காற்றுக்கு வழியில்லை.

பலமாகத் தும்மியபின் சிலருக்கு வெள்ளைவிழியில் இரத்தச் சிவப்பாக ஒரு திட்டு வரும். "பார், கண் வெளியே வரப் பார்த்திருக்கு" என்று அதைக் காட்டிப் பயப்படுத்துவதும் நடக்கிறது. வெள்ளைவிழியை மூடியிருக்கும் மெல்லிய படலத்துக்குக் கீழே இருக்கும் நுண்ணிய இரத்தக்குழாய் ஒன்று வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். நோகாது, பார்வையைக் கெடுக்காது. பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானாக மறைந்துவிடும். நோவு இருந்தால், பார்வை மங்கினால், அல்லது அடிக்கடி வந்தால் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

சரி, அப்படியென்றால் கண் ஏன் மூடுகிறது?

சூடடிப்புக் காலத்தை நினைத்துப் பாருங்கள். காலபோக நெல்லு அடிபடும்போது சுணையும் தூசியும் மூக்கில் ஏறும். மூளையிலிருந்து புறப்படும் 12 சோடி நரம்புகளில் ஐந்தாவது சோடிதான் அந்த அரிப்பை மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகிறது. பாடப்புத்தகத்தில் நீள்வளைய மையவிழையம் என்று படித்தோமே, அந்தப் பகுதிக்கு. அங்கிருந்து ஒரே நேரத்தில் பல இடங்களுக்குக் கட்டளை போகும். நெஞ்சுத் தசைகளும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடும் மூச்சை உள்ளிழுக்கும், தொண்டை ஒரு கணம் அடைபடும், வயிற்றுத் தசைகள் இறுகும், பிறகு காற்று சீறும். முகத்துக்குப் போகும் கட்டளையை ஏழாவது சோடி நரம்பு கொண்டுபோகிறது. இமையை மூடும் தசைக்கும் அதே நரம்புதான். முழு முகமும் சுருங்கும்போது இமையும் சேர்ந்து மூடுகிறது. நாம் நினைத்துச் செய்வதில்லை. இது ஒரு தெறிவினை.

இன்னொன்றும் இருக்கிறது. கண்ணின் மேற்பரப்பில் தூசி பட்டால் அதை உணர்வதும் அதே ஐந்தாவது சோடிதான். குசினியில் செத்தல் மிளகாய் வறுக்கும்போது கண் எரிவும் தும்மலும் ஒன்றாக வருவது அதனால்தான். புருவ மயிரைப் பிடுங்கும்போது சிலருக்குத் தும்மல் வருவதும் அந்த நரம்பு வழியாகத்தான். மூக்கும் கண்ணும் மூளைக்குள் அவ்வளவு கிட்டக் கிட்டப் பின்னப்பட்டிருக்கின்றன. தும்மலோடு தெறிக்கும் துளிகள் கண்ணில் படாமல் காப்பதற்காக இமை மூடுகிறது என்று சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு. எது என்று ஆய்வுகள் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. துளிகள் முன்னால்தானே போகின்றன, அதனால் நரம்புப் பின்னல்தான் காரணம் என்ற பக்கமே நான் நிற்கிறேன். "இது இன்னும் முடிவாகவில்லை" என்று பிள்ளையிடம் சொன்னால் அவள் கண் விரிய அடுத்த கேள்வி கேட்பாள். "கண் விழுந்திடும்" என்று சொன்னால் கேள்வி அதோடு செத்துவிடும்.

தும்மல் மணிக்கு 160 கிலோமீற்றர் வேகம் என்பதும் அந்த வீடியோவில் வருகிறது. 2013இல் சிங்கப்பூரில் அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த உச்ச வேகம் விநாடிக்கு 4.5 மீற்றர், அதாவது மணிக்கு 16 கிலோமீற்றர். வரம்பில் சைக்கிள் ஓடுகிற வேகம். தும்மும்போது இதயம் நின்றுவிடும் என்பதும் பொய். நெஞ்சுக்குள் அழுத்தம் மாறுவதால் துடிப்பின் ஒழுங்கு ஒரு கணம் மாறலாம், நிற்பதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது தும்மலை அடக்குவதற்குத்தான். வகுப்பிலும் கோயிலிலும் "தும்மாதே" என்று பிள்ளையின் மூக்கைப் பொத்துகிறோம். இங்கிலாந்தின் லெஸ்டரில் 34 வயது ஆண் ஒருவர் மூக்கையும் வாயையும் அடைத்துக்கொண்டு தும்மலை அடக்கியதில் தொண்டையின் உட்சுவர் கிழிந்து, ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுக்க வேண்டி வந்தது. 2018இல் மருத்துவ இதழில் வெளிவந்த செய்தி இது. அபூர்வம்தான், ஆனால் நடந்தது. முழங்கையை மடித்து அதற்குள் தும்மச் சொல்லுங்கள், போதும். ஒற்றைத் தும்மல் கேட்டால் "கொஞ்சம் இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போ" என்ற அம்மம்மாக்களோடு எனக்குச் சண்டை இல்லை. பிள்ளை தும்மினால் "நூறு, இருநூறு" என்று ஆயுசு கூட்டியவர்கள் அவர்கள். அவர்கள் யாரும் பிள்ளையைப் பயப்படுத்தவில்லை.

கண் மூடுவதால் ஆபத்து வரக்கூடிய இடம் ஒன்று உண்டு, அது றோட்டு. மணிக்கு 60இல் மோட்டார் சைக்கிள் ஓடினால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் போகிறோம். தும்மலுக்கு ஒரு விநாடி கண் மூடினாலும் அவ்வளவு தூரம் பார்க்காமல் போகிறோம். ஏ9 நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வர அது போதும். கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு திடீரென்று வெளிச்சம் பட்டாலே தும்மல் வரும், அது குடும்பத்தில் தொடர்ந்தும் வரும். வெயிலின் சூடுதான் காரணம் என்று பழைய கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் நினைத்தார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் கண்ணை மூடிக்கொண்டு வெயிலுக்கு முகம் காட்டினார், தும்மல் வரவில்லை. வெளிச்சம் கண் வழியாகப் போனால்தான் வேலை நடக்கிறது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் காலையில் போகிறவர்களுக்கு இது முக்கியம். காட்டு நிழலிலிருந்து வெளியே வரும் வளைவில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். உங்களுக்கு அந்தத் தும்மல் இருந்தால் நிழல் முடியுமுன்னமே வேகத்தைக் குறையுங்கள். மூக்கு அரிக்கத் தொடங்கினால் ஓரத்தில் நிப்பாட்டித் தும்மிவிட்டுப் போங்கள், முன்னால் பிள்ளையை இருத்தியிருந்தால் கட்டாயம்.