பாசிட்டிவ் சரி, எந்த வைரஸ்?

ஒரு கோழிப்பண்ணையின் ஐபி (கோழிக்கு வரும் மூச்சுக்குழாய் வைரஸ் நோய், இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ்) பரிசோதனை ரிப்போர்ட் சுற்றுகிறது. அதன் முதல் பக்கம் உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். 'தடுப்பூசி போட்ட கோழியிலேயே ஐபி பாசிட்டிவ், தடுப்பூசிதான் நோயைக் கொண்டுவருகிறது' என்று சிவப்பு வட்டம் வேறு. கீழே இருப்பது என் கையெழுத்து. எந்த வகை வைரஸ் என்று காட்டும் எஸ்1 மரபணு வரிசையைப் பார்க்காமல் முடிவுக்கு வரவேண்டாம் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை யாரும் படம் எடுக்கவில்லை.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். குஞ்சுகளுக்குத் தெளிக்கும் ஐபி தடுப்பு மருந்து உயிருள்ள வைரஸ், வீரியம் குறைத்தது. எச்120 என்ற தடுப்பூசி வைரஸின் பெயரில் உள்ள 120, முட்டைக் கருவில் 120 முறை மாற்றி மாற்றி வளர்த்ததால் வந்ததுதான். குஞ்சின் மூச்சுக்குழாயில் அது பெருகினால்தான் எதிர்ப்புச் சக்தி வரும். வாரக்கணக்கில் உடம்பில் தங்கவும் செய்யும். வழக்கமான பிசிஆர் எல்லா ஐபி வைரஸுக்கும் பொதுவான துண்டைத் தேடுகிறது. நாம் தெளித்ததையும் பிடிக்கும், வெளியிலிருந்து வந்ததையும் பிடிக்கும். ஆகவே பாசிட்டிவ் என்றால் முதல் கேள்வி: எந்த வைரஸ்? ஐபி வைரஸில் பல வகை உண்டு: மாசசூசெட்ஸ் வகையா, 793பியா, க்யூஎக்ஸா? ஸ்பைக் புரதத்தின் எஸ்1 பகுதியைப் படித்தால்தான் தெரியும்.

மேதாவித்தனத்தில் பேசவில்லை. நானே கவிழ்ந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பண்ணை. இரவு விளக்கை அணைத்துவிட்டு நின்றால் ஷெட் முழுக்கக் கொர் கொர் சத்தம். ஒரு கோழியை அக்குளில் இடுக்கி, அலகைத் திறந்து, அது மூச்சை இழுக்கும் நேரம் பார்த்து ஸ்வாப்பை உள்ளே விட்டேன். பாசிட்டிவ். 'உங்க தடுப்பூசி வேலை செய்யல' என்று பண்ணைக்காரரிடம் அடித்துச் சொன்னேன். மருந்து தெளித்து 12 நாள்தான் ஆகியிருந்தது என்பது உறைக்கவே இல்லை. அவர் அடுத்த பேட்சுக்கு மருந்தையே நிறுத்திவிட்டார். அப்புறம் வரிசை வந்தது: தெளித்த அதே வைரஸ். ஈரக் கூளத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் அந்த ஸ்வாப்பை எடுத்தேன், கொர் கொர் சத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று யோசிக்கவில்லை. அடுத்த பேட்சில் நிஜ ஐபி வந்தது. சிறுநீரகம் வெளுத்து வீங்கிக் கிடந்த கோழிகளை அறுத்துப் பார்த்தவனும் நான்தான்.

'வரிசை பார்க்கக் காசு யார் தருவது?' நியாயமான கேள்வி. எல்லா ஸ்வாப்புக்கும் வேண்டாம், சந்தேகமான ஷெட்டுக்குப் போதும்.

'தடுப்பூசி வைரஸே மாறாதா?' மாறும். இரண்டு வகைகள் ஒரே கோழியில் சேர்ந்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் செய்யும். ஆர்கன்சா என்ற இன்னொரு ஐபி வகையின் தடுப்பூசியில் சிறுபான்மையாக இருந்த வைரஸ், கோழிக்குள் போனதும் பெரும்பான்மையானதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அதனால்தானே ஐயா எந்த வைரஸ் என்று பாருங்கள் என்று கத்துகிறேன்! சந்தேகப்படுகிற நீங்கள்தானே முதலில் கேட்டிருக்க வேண்டும்?

'தடுப்பூசி வருமுன் இந்த நோயே கிடையாது.' இந்நோய் 1931-லேயே அமெரிக்காவில் பதிவானது. அப்போது இதற்குத் தடுப்பூசியே இல்லை. அந்தக் குஞ்சுகள் வருங்காலத்தை நினைத்துத் தும்மின போலும்.

'மருந்துக் கம்பெனி ஆள்.' இதுவும் வந்துவிட்டது. கம்பெனிக்காரர் ஒருவர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். அவர் மருந்து போட்ட கோழியில் வேறு வகை இருக்கிறது என்று எழுதினேனாம். இந்தப் பக்கமும் அடி, அந்தப் பக்கமும் அடி.

படத்தை முதலில் அனுப்பியவர் யார் என்று எனக்குத் தெரியும். 'சார், கோழி தும்முது' என்று நள்ளிரவில் கூப்பிட்டபோதெல்லாம் கிளம்பிப் போயிருக்கிறேன். அவர் ஷெட்டில் எடுத்த ஸ்வாப் இன்னும் என் ஃப்ரீசரில்தான் இருக்கிறது. வரிசை பார்க்க அவர் சம்மதம் வேண்டும். இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை.