ஹான்காக்கின் கண் எங்கே போகிறது

போன ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் சத்தம் நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்று போனை எடுத்துப் பார்த்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. யாரோ நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். மறுபடியும் மௌனம். அப்புறம் என்ன பிழைப்புடா இது என்கிற மாதிரி ஒரு முனகல், அதற்குக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக்கின் 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' தொடரில், 1958-ல் பிபிசி வானொலியில் வந்த ஒரு பாகம் அது. ஞாயிறு மதியம், வெளியே மழை, கடை எதுவும் கிடையாது, வீட்டுக்குள் சில பேர், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. கதை அவ்வளவுதான். சுவரில் ஒட்டிய காகிதத்தின் பூவேலையை உற்றுப் பார்த்து அதில் ஒரு கிழவர் முகம் தெரிகிறது என்பார் ஹான்காக். வானொலியில் நாலு நொடி சத்தம் இல்லையென்றாலே கேட்கிறவன் வேறு அலைவரிசைக்குத் திருப்பிவிடுவான், அந்த இடத்தில் போய் சும்மா இருப்பதையே நகைச்சுவையாக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

டோனி ஹான்காக் 1924-ல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். வளர்ந்தது போர்ன்மத் என்ற கடற்கரை ஊரில், பெற்றோர் அங்கே ஹோட்டல் நடத்தினார்கள். போர்க்காலத்தில் விமானப்படை, அப்புறம் சின்னச் சின்ன மேடைகள், 1951-ல் ஆர்ச்சி என்ற மரப்பொம்மைக்கு வாத்தியாராக வானொலி வேடம். (வாயசைக்காமல் பொம்மையைப் பேசவைக்கும் கலைஞரின் நிகழ்ச்சி, அதுவும் வானொலியில்! வாய் அசைந்தால்தான் யாருக்குத் தெரியப்போகிறது.) 1954 நவம்பரில் சொந்தப் பெயரிலேயே தொடர், 1956-ல் அதுவே தொலைக்காட்சிக்கும் வந்தது. கிழக்கு சீம் என்ற இல்லாத ஊரில், 23, ரயில்வே கட்டிங்ஸ் என்ற முகவரியில் குடியிருக்கும் ஓர் அரைகுறை மேதாவி. பெரிய தொப்பி, ரோமக் கழுத்துப்பட்டை வைத்த பழைய கோட்டு, பாக்கெட்டில் காசு கிடையாது, உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் கருத்து மட்டும் உண்டு. இந்த ஆளை நம் எல்லோருக்கும் தெரியும். சில நாள் கண்ணாடியிலும் பார்க்கிறோம்.

ஹான்காக்கைப் பற்றி யார் எழுதினாலும் 'சிரிக்கவைத்தவனின் சோகம்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். குடித்தார், மனம் உடைந்தார், 1968 ஜூனில் சிட்னியில் ஒரு தொடரின் படப்பிடிப்பு பாதியில் நிற்க, 44 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். எல்லாம் உண்மை. ஆனால் வேலை ஏன் கெட்டது என்பதற்கு சோகம் மட்டுமே பதில் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1955-லேயே அவர் ஒருநாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார், இரண்டாவது வானொலி வரிசையின் முதல் மூன்று பாகங்களில் ஹாரி சீகோம்ப் என்ற இன்னொரு நகைச்சுவை நடிகர்தான் அவருக்குப் பதிலாக நடித்தார். அதாவது மனம் அப்போதே ஆட்டம் கண்டிருந்தது, ஆனாலும் அவருடைய ஆகச்சிறந்த வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

என் கணக்கு வேறு. அவருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் என்ற இரண்டு இளைஞர்கள். காசநோய் வந்து சர்ரே பக்கம் ஒரு சானடோரியத்தில் படுத்திருந்தபோதுதான் இருவரும் பழக்கமானார்கள். இருபது வயதில் மாதக்கணக்காகக் கட்டிலில் கிடந்தவனுக்குத்தான் ஒரு மதியம் எவ்வளவு நீளம் என்று தெரியும், அந்த ஞாயிற்றுக்கிழமை மழை அங்கிருந்து வந்தது என்பது என் அனுமானம். ஹான்காக்கின் மூச்சு எங்கே நிற்கும், கன்னம் எப்போது தொங்கும் என்பதுவரை அவர்கள் கணக்குப் போட்டு எழுதினார்கள்.

ஹான்காக் கூட நடித்தவர்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டுக்கொண்டே வந்தார். விதவிதமான குரலில் பேசும் கென்னத் வில்லியம்ஸ் வேண்டாம், அது யதார்த்தமாக இல்லை. அடுத்து சிட் ஜேம்ஸ், கூடவே இருந்து காலை வாரிவிடும் அந்த நண்பர் வேடக்காரர். 'இரட்டையர்' என்று முத்திரை விழுந்துவிடும் என்ற பயம். இதில் நான் ஹான்காக் பக்கம்தான். சிட் இல்லாத 1961 தொலைக்காட்சி வரிசையின் முதல் பாகத்தில் ஒற்றை அறையில் தனி ஆளாக, தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை அகராதி பார்த்துப் பார்த்துப் படிக்க முயன்று தோற்கும் அந்த 25 நிமிடத்தைப் பாருங்கள், அவர் நினைத்தது சரி என்று தெரியும். ஆனால் அதே ஆண்டு கால்டனையும் சிம்ப்சனையும் விட்டார் பாருங்கள், அதற்கு மன்னிப்பே கிடையாது. அவர்கள் 1962-ல் பழைய சாமான் வியாபாரம் செய்யும் ஒரு அப்பாவையும் மகனையும் வைத்து 'ஸ்டெப்டோ அண்ட் சன்' எழுதினார்கள், பெரிய வெற்றி. ஹான்காக் போட்டிச் சேனலுக்குப் போய் எடுத்த தொடர் எடுபடவில்லை.

1960-ல் ஜான் ஃப்ரீமன் எடுத்த தொலைக்காட்சிப் பேட்டிதான் அவரைக் குடைந்துவிட்டது என்பார்கள். ஃப்ரீமன் பின்னாளில் டெல்லிக்கு பிரிட்டிஷ் ஹைகமிஷனராக வந்தவர். அந்தப் பேட்டியில் கேமரா ஹான்காக் முகத்தைவிட்டு நகராது. ஒரு பேட்டி ஒரு மனிதனைக் கவிழ்த்துவிடுமா என்ன, எனக்கு நம்பிக்கையில்லை.

நான் விரல் வைப்பது வேறு இடத்தில். ரத்ததானம் செய்யப் போகும் அந்தப் பிரபலமான பாகம், 1961 ஜூன். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டோடு வேலை முடிந்தது என்று பெருமையாகக் கிளம்புவார், ஒரு பைன்ட் (அரை லிட்டருக்கும் மேல்) வேண்டும் என்றதும் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். கடைசியில் ரொட்டி வெட்டும் கத்தியில் கையை அறுத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு வந்து தான் கொடுத்த ரத்தத்தையே திரும்ப வாங்கிக்கொள்வார். அதற்குச் சில நாள் முன்பு மனைவி ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி ஹான்காக்குக்குத் தலையில் அடி, வசனம் மனப்பாடம் செய்ய நேரமில்லை. அதனால் செட்டில் அங்கங்கே வசனத்தை எழுதிக் காட்டினார்கள். டாக்டரோடு பேசும்போது பாருங்கள், டாக்டர் இங்கே இருக்கிறார், இவர் கண் அவர் தோளுக்கு அந்தப் பக்கம் எதையோ படித்துக்கொண்டிருக்கிறது. ஒருதரம் கவனித்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும்.

அடிபட்டவர், அன்றைக்கு வேறு வழியில்லை, சரி. ஆனால் அதற்கு அப்புறமும் மனப்பாடத்துக்குத் திரும்பவில்லை. எதிரில் இருப்பவன் சொல்வதைக் கேட்டு மெதுவாகச் சுருங்குகிற முகம்தான் அவருடைய மொத்த சொத்து. படித்துக்கொண்டிருக்கிற கண்ணுக்குக் கேட்க நேரம் ஏது? எழுத்தாளர்களைவிட்டது பாதி என்றால் மீதிப் பாதி இது.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் ரத்ததானத்தில் ஆரம்பிக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் அனுப்புவார்கள். வானொலியின் அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலில் கேளுங்கள். நடுவில் சத்தம் வரவில்லை என்று போனைத் தட்ட வேண்டாம், ஓடிக்கொண்டுதான் இருக்கும்.