ஆர்டீமியா போட்டதாலேயே தரப்படுத்திய உணவு ஆகிவிடாது

"வரிக்குதிரை மீனுக்கு எல்லா ஆய்வகமும் ஆர்டீமியாதான் (உப்பு ஏரியில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்) போடுகிறது, ஆகவே எலித் தீவனம்போல அதுவும் தரப்படுத்தியதே" என்று சிலர் சொல்வது சரியல்ல. ஆய்வக எலிக்கான ஏஐஎன்-93ஜி என்ற தீவனம் திறந்த சூத்திரம்: கிலோவுக்கு 200 கிராம் கேசீன் (பால் புரதம்), 70 கிராம் சோயா எண்ணெய் என்று யாரும் கலக்கலாம். ஆர்டீமியா அப்படியா? முட்டை எந்த உப்பு ஏரியிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்துக் கொழுப்பமிலங்கள் மாறும். டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பமிலம் மிகக் குறைவு. முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சை ஒரு நாள் வைத்தாலே கருவுணவைக் கரைத்துச் சத்திழந்துவிடும். கம்பெனித் தீவனமும் பெரும்பாலும் மூடிய சூத்திரம்தான். சூத்திரம் தெரிந்தாலும் தண்ணீர் சும்மா விடாது: பொடித்துகளிலிருந்து வைட்டமின் சி வேகமாகக் கரைந்து போகும் (எலிக்கூண்டில் இந்தத் தொல்லை இல்லை). ஆய்வுக் கட்டுரையில் முட்டையின் மூலம், லாட் எண், பொரிந்த நேரம், மீன் எடையில் எத்தனை சதவீதம் தீவனம் போட்டீர்கள் என்பதையாவது எழுதுங்கள்.